சுற்றாத ஃபேன்

"பிச்சையா திருடன். அவனை அனுப்பிடுங்க" என்றார் அந்தோணிராயன்.

ஜீப்பின் இன்ஜின்மேல் குனிந்திருந்த ஜொஹரா நிமிரவில்லை. போடி மலையடிவாரத்துப் பட்டறை அவளுடையது; பிச்சையா அங்கே மெக்கானிக். அந்தோணிராயன் ஐம்பது வயதுக்குமேல் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, அவளிடம் தொழில் கற்க வந்தவர். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

"என்ன திருடினான் அண்ணே?"

"போன வாரம் இந்த ஜீப்புக்குப் புது ஃபேன் மோட்டார் மாட்டினது அவன்தானே? இன்னைக்குக் காலையில எட்டாவது வளைவுல கொதிச்சு நின்னுருக்கு. உள்ளே எஸ்டேட் வேலைக்குப் போற பத்துப் பொம்பளைங்க. இன்ஜின் கொதிக்குது, ஃபேன் அசையவே இல்லையாம். புதுசை வித்துட்டு ஏதோ பழசை மாட்டியிருக்கான்."

ஜொஹரா பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து நேராக மோட்டாருக்குக் கொடுத்தாள்.

ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது.

அந்தோணிராயனின் முகம் மாறவில்லை. "அப்ப ஒயரிங்ல கை வச்சிருக்கான்."

ரேடியேட்டரின் அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. தண்ணீர் சூடானால் ஃபேனை ஓடவிடுவது அதுதான். அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்தாள்.

ஃபேன் சுற்றியது.

"அப்ப அந்த சுவிட்ச் டூப்ளிகேட்."

அவள் சுவிட்சைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் பிடித்து, மீட்டரை வைத்துக் காட்டினாள். சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது.

அந்தோணிராயன் அவளையே உற்றுப் பார்த்தார். இவள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறாள்?

"அவன் உங்க ஊர்க்காரன். அதான் காப்பாத்தப் பாக்குறீங்க."

ஜொஹரா கோபப்படவில்லை. எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, குறைந்திருந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் ஓடியது. சூடு காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. ஃபேன் அசையவில்லை.

"பாத்தீங்களா!"

"ஆஃப் பண்ணிட்டு வாங்க. ரேடியேட்டர்ல கை வைங்க."

அவர் தயங்கினார். பயந்து பயந்து ஒரு விரலை வைத்தார். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தார்.

"சில்லுனு இருக்கு."

"இன்ஜின்?"

"அனலா அடிக்குது."

"இங்கே சூடே வரலையே அண்ணே. ஃபேன் எதுக்குச் சுத்தணும்?"

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, அவள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கதவுபோல் இருக்கும் சின்ன உருப்படி. துருவேறி, மூடியபடியே இறுகிக் கிடந்தது. சூடான தண்ணீர் அதைத் தாண்டவே இல்லை.

அந்தோணிராயன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் நெம்பினார். திறக்கவில்லை.

ஆனாலும் மனசு விடவில்லை.

"சரி, புது மோட்டாரை அவன் விக்கலை. ஆனா காலையிலிருந்து அவனைப் பத்தி இவ்வளவு பேச்சு ஓடுது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசினானா? மடியில கனமில்லாதவன் அப்படியா இருப்பான்?"

"யார் பேசினா?"

"நான்தான். ஜீப் டிரைவர்கிட்டச் சொன்னேன். டீக்கடையில சொன்னேன். எஸ்டேட் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னேன். இப்ப உங்ககிட்ட."

"பிச்சையாகிட்ட?"

அந்தோணிராயன் தெர்மோஸ்டாட்டைக் கீழே வைத்தார். பின்கொட்டகைக்கு நடந்தார்.

அங்கே ஒரு பஸ்ஸுக்கு அடியில் பிச்சையா மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் தலையை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே! என்ன, ஒரு மாதிரியா நிக்கிறீங்க? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"