அரசன் கை வைக்காத சாடி

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. கேளுங்கள். அப்போது ஒரு மலையைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். தான் நல்லவன் என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை.

அந்த மலையில் அறுவடை முடிந்ததும் தினையை முளைகட்டிக் காய்ச்சி, காட்டுப்பூ தூவி, சாடியில் மூடி நுரைக்க விடுவார்கள். அந்தக் கள்ளைத் தெய்வத்துக்குப் படைத்த பிறகுதான் அடுத்த விதைப்பு.

கள் காய்ச்சுகிறவள் பெயர் மிளகி. சாடி கழுவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மணல் போட்டுத் தேய்ப்பாள், கொதிநீர் ஊற்றிக் குலுக்குவாள், புகையில் கவிழ்த்து வைப்பாள். இப்படி மூன்று முறை. பார்க்கிற நமக்கே கை வலிக்கும்.

அப்படிப்பட்டவளின் கள் இரண்டு அறுவடையாகக் கெட்டுப்போனது. மூடியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. "மிளகியின் கை தெய்வத்துக்குப் பிடிக்கவில்லை" என்று ஊர் பேசியது. அரசன் அவளைக் கூப்பிட்டான்.

"இந்த முறையும் கெட்டால் நீ மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்."

மிளகிக்கு அந்த மலையைத் தவிர வேறு இடமே தெரியாது. மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்தாள். தேய்ப்பது மாறவில்லை, நீர் மாறவில்லை, புகை மாறவில்லை. அரசன்தான் புதியவன். பட்டமேறிய நாள் முதல் அவன் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தான். கழுவிய சாடிக்குள் வலக்கையை விட்டு அடிவரை தடவி வாழ்த்துவான், அதன் பிறகே கள் ஊற்ற வேண்டும்.

அந்தக் கைதான் காரணமோ என்று அவளுக்குப் பட்டது. அரசன் கையைக் குறை சொன்னால் தலை தப்புமா? அதனால் அவள் குறை சொல்லவில்லை.

"அரசே, இந்த முறை மூன்று சாடி வைக்கிறேன். முதல் சாடியில் வழக்கம்போல் கை வையுங்கள். இரண்டாவதில், கையைச் சுனைநீரில் கழுவிச் சந்தனம் பூசிய பிறகு வையுங்கள். மூன்றாவதில் யார் கையும் வேண்டாம்."

"என் வாழ்த்து இல்லாத கள் என்ன பாடு படும் என்று பார்க்கத்தானே?" என்று அரசன் சிரித்தான். "செய், செய்."

அவன் முதல் இரண்டிலும் அப்படியே கை வைத்தான். ஒரே பானையில் காய்ச்சியதை, கொதிநீரில் போட்டெடுத்த அகப்பையால் மூன்றிலும் ஊற்றி மிளகி இறுக மூடினாள்.

ஒன்பதாம் நாள் ஊரே கூடியது. முதல் சாடி திறந்தது, எல்லாரும் பின்வாங்கினார்கள். இரண்டாம் சாடி திறந்தது, அதே நாற்றம். மூன்றாம் சாடியை மிளகி கண்ணை மூடிக்கொண்டே திறந்தாள்.

வெள்ளை நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. பழுத்த பலாவின் வாசனை கூட்டத்தின் கடைசி வரை போனது. தானாகவே பலர் கைகூப்பினார்கள்.

அரசன் மெல்லக் கையை உயர்த்தினான். தண்டிக்கத்தான் உயர்த்துகிறான் என்று ஊர் பயந்தது. அவனோ தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பிப் பார்த்தான், வெயிலில் நீட்டிப் பார்த்தான்.

"இதில் ஒன்றுமே இல்லையே!"

"இருக்கிறது அரசே. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை."

"கண்ணுக்கே தெரியாத ஒன்று ஒரு சாடிக் கள்ளை அழிக்குமா?" அரசனின் குரல் வியப்பில் இறங்கிப்போனது. "அப்படியானால் உன் கையில்?"

"என் கையிலும் உண்டு. அதற்குப் பயந்துதானே அகப்பையைக்கூடக் கொதிநீரில் போடுகிறேன்."

செங்கோடன் தலை குனிந்தான். "கெடுத்தது என் கை. துரத்தப் பார்த்தது உன்னை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

அடுத்த அறுவடையில் அவன் சாடிகளுக்கு மூன்றடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் வாழ்த்தினான். அந்த ஆண்டு ஒரு சாடிகூடக் கெடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு தன் கையிலும் இருக்கும் என்று ஒப்புக்கொள்கிறவனே உண்மையில் சுத்தமானவன்.