தொட்டி ஓட்டைய அடைச்ச ஞானவேலு

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மாடி. மாடி ஓரத்துல ஒரு தொட்டி. தொட்டில ஒரு ரோஜாச்செடி. செடிக்குப் பக்கத்துல ஒரு வெட்டிப்பய. ம் சொல்லு தேனு.

"ம்."

அவன் பேரு ஞானவேலு. ஞானமெல்லாம் பேருல மட்டும்தான். காலேஜ பாதில விட்டுட்டான். அப்புறம் மூணு வேலைல சேந்து நாலு வேலைய விட்டான். அவன நம்பி வீட்ல பால் பாக்கெட் வாங்கக்கூட அனுப்ப மாட்டாங்க.

"சித்தப்பா, உன் பேருதானே ஞானவேலு?"

ஊர்ல ஒரே ஒரு ஞானவேலுதான் இருக்கானா? குறுக்க பேசாத. அப்போ அவனோட அண்ணி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்புறாங்க. செடியக் காட்டி, "தம்பி, மூணு மாசம். நான் பாப்பாவோட வரும்போது இதுல ஒரு பூ இருக்கணும்"ன்னாங்க. அண்ணன், "இவன்கிட்டயா? இப்பவே அதுக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுரு"ன்னாரு. அண்ணி, "அவன் பாத்துக்குவான்"னாங்க. அவனப் பத்தி அப்படி ஒருத்தர் சொன்னது அதான் மொத தடவ. நெஞ்சு பூரி மாதிரி உப்பிப் போச்சு.

அப்புறம், மொத நாளே தண்ணி ஊத்துனான். அது தொட்டியோட அடி ஓட்டை வழியா வடிஞ்சு, கீழ்வீட்டு கல்யாணியம்மா காயப்போட்ட வத்தல் மேல டொப்பு டொப்புனு விழுந்துச்சு. அவங்க சத்தம் போட்டாங்க. இவன் என்ன பண்ணுனான்? கொஞ்சம் சிமெண்டக் கொழைச்சு ஓட்டைய அப்பிட்டான். படிச்ச அரைகுறை இன்ஜினியரிங் அங்கதான் உபயோகமாச்சு.

எட்டாம் நாள் ரெண்டு இலை மஞ்சளாச்சு. 'பாவம், தாகம்'னு ஒரு வேளை ஊத்துனவன் மூணு வேளை ஊத்துனான். கொடகொடன்னு. இன்னும் ஆறு இலை மஞ்சள்.

அப்புறம், 'தலைக்குக் குளிப்பாட்டுவோம்'னு சாயங்காலத்துல இலை மேலயே சளார் சளார்னு ஊத்துனான். ஈரம் காயாம இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. செடி சிறுத்தை மாதிரி ஆயிருச்சு.

அப்புறம், 'சத்து பத்தல'ன்னு, தான் குடிச்சு மிச்சம் வச்ச டீய ஊத்துனான். சக்கரை போட்ட டீ. துளிர் வரல, எறும்பு வந்துச்சு. இலை பொலபொலன்னு கொட்டிப் போச்சு. ம்?

"ம்... செடி செத்துப் போச்சா?"

அவனும் அப்படித்தான் நெனச்சான். அண்ணி போன்ல கேட்டா, கைல மஞ்ச இலைய வச்சுக்கிட்டே, "ஜம்முனு இருக்கு அண்ணி"ம்பான்.

அப்போ ஒரு நாள், வெயில்ல தள்ளி வைக்கலாம்னு தொட்டியத் தூக்குனான். தூக்க முடியல. உள்ள சளக்குங்குது. மோந்து பாத்தா சாக்கடை வாடை. அப்பத்தான் மண்டைல உறைச்சுது. ஊத்துன தண்ணி எங்க போகும்? வாசலத்தான் இவனே அடைச்சுட்டானே. செடிக்குத் தாகம் இல்ல, வேரு தண்ணிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கு.

தொட்டியச் சாச்சு, ஸ்க்ரூடிரைவர எடுத்தான். டக், டக், டக். சிமெண்டு பேந்துச்சு. குபுகுபுனு கறுப்புத் தண்ணி, நேரா கல்யாணியம்மா வத்தல் மேல. அவங்க மாடி ஏறி வந்தாங்க.

"எத்தன வேளைடா ஊத்துன?"

"மூணு வேளைங்க."

"நீ எத்தன வேளை குளிப்ப?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவைங்க."

அப்புறம், தண்ணி பத்தலேன்னாலும் மஞ்சள், ஜாஸ்தியானாலும் மஞ்சள்னு அவனுக்குப் புரிஞ்சுது. அதனால தெனம் காலைல மண்ணுல ரெண்டு கணு ஆழம் விரல விடுவான். ஈரமா இருந்தா சும்மா இருப்பான். சும்மா இருக்குறது அவனுக்குக் கைவந்த கலை. காஞ்சிருந்தா வேர்ல மட்டும், கீழ வடியுற வரைக்கும் ஊத்துவான். வடியுறதப் பிடிக்க அடில ஒரு தட்டு வச்சு, அதையும் அப்பப்போ கவுத்துருவான்.

மூணாம் மாசம் அண்ணி வந்தாங்க, கைல பாப்பா. செடில பூ இல்ல. வெறும் குச்சி, அதுல நாலு செவப்புத் துளிர். ஞானவேலு தொட்டியோட அடியக் காட்டுனான். "ஓட்டைய நான்தான் அண்ணி அடைச்சேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்."

அண்ணன் சிரிச்சாரு. அண்ணி சிரிக்கல. துளிரத் தொட்டாங்க. மண்ணுல விரல விட்டுப் பாத்தாங்க. அப்புறம் பாப்பாவத் தூக்கி அவன் கைல குடுத்தாங்க.

"பிடி தம்பி. தலையத் தாங்கிப் பிடி. அழுதா ஒடனே எதையும் ஊத்திராத. மொதல்ல என்னன்னு பாரு."

"சித்தப்பா... அந்தப் பாப்பா நானா?"

ம்.

பாத்தியா, இப்போ என்னைய ம் சொல்ல வச்சுட்ட. கதையும் ஓட்டை வழியா வடிஞ்சு போச்சு. கண்ண மூடு.