அண்டாவைத் தலையில் வைத்து விலை கேளுங்கள்

மருதங்காடு என்று ஒரு நாடு. அதற்கு ராஜா வீரகேது. ராஜாவின் அழகு, வீரம் என்று ஆரம்பித்தால் கதை நாளைக்குத்தான் முடியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவனுக்கு மாறுவேடப் பைத்தியம். தாடி ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போவான், பேரம் பேசுவான், எதையும் பாதி விலைக்கு வாங்கி வந்து அரண்மனை முழுக்கக் காட்டுவான். தன்னைப் போல பேரம் பேச ஆளே கிடையாது என்று நினைப்பு.

அந்தச் சந்தையில் ஓலைத்தூண் என்று ஒன்று உண்டு. விற்க நினைப்பவர் பொருளையும் விலையையும் ஓலையில் எழுதி அதில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். இதற்கு ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தான். விலை கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் பாக்கி இருந்தாலும் பொருளை விற்கக் கூடாது. கேட்டவரே வேண்டாம் என்று விலகிக்கொண்டால் மட்டும் பதில் தேவையில்லை. வாழ்க்கையில் ஒருநாள்கூட எதையும் விற்காதவன்தான் இப்படிச் சட்டம் போட முடியும்.

நாச்சாயி ஒரு செம்பு அண்டாவை விற்க உட்கார்ந்தாள். ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா. விலை நாற்பது பொன். வெள்ளிக்கிழமை உச்சி மணி அடிப்பதற்குள் அந்த நாற்பதைக் கட்டினால் ஆற்றோரப் பூந்தோட்டம் அவளுக்குக் குத்தகைக்குக் கிடைக்கும். தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். கோயில் சமையல்காரர் தாண்டவர் முதல் நாளே நாற்பது பொன்னோடு வந்து நின்றுவிட்டார். ஆனால் விற்க முடியவில்லை. முன்னால் வரிசை நின்றது.

அண்டா இன்னும் இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் கேட்டான். ஒருவன் பாதி விலைக்குக் கேட்டு, வீட்டில் கொண்டுவந்து இறக்கவும் சொன்னான். இன்னொருவன் பத்துப் பொன்னும் ஒரு கோழியும் தருவதாகச் சொன்னான். பதில் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்களா என்றால் இல்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, கால் பொன் கூட்டிக் கேட்க மறுபடி வந்தார்கள்.

வியாழக்கிழமை நாச்சாயி சாத்தையனிடம் போனாள். சாத்தையன் அரசவையில் இருப்பவன். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ராஜா தப்புச் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பான். அவன் போய் ராஜாவிடம் சட்டத்தை மாற்றச் சொன்னான். கேட்கத்தானே செய்கிறார்கள், பிடுங்கிக்கொண்டா போகிறார்கள் என்று ராஜா அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை சாத்தையன் அண்டா பக்கத்தில் வந்து நின்றான். வரிசையில் முதல் ஆள் கோழிக்காரன்.

"தூக்கிப் பாருங்கண்ணே. செம்பு வாங்குறவர் கனம் தெரியாமக் கேட்கலாமா? தலையிலதானே வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்க."

சாத்தையனும் தாண்டவரும் சேர்ந்து அண்டாவை அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். கீழே போடவும் முடியாது. சந்தைப் பொருளைக் கீழே போட்டவர் முழு விலை கட்ட வேண்டும் என்பது அந்த ஊரில் பழைய வழக்கம்.

கோழிக்காரன் கேட்டான். நாச்சாயி யோசித்தாள்.

"கோழி என்ன நிறம்ணே?"

"வெள்ளை."

"வெள்ளைக் கோழி எங்க வீட்டுக்கு ஆகுமான்னு பார்க்கிறேன். அவசரமாப் பதில் சொன்னா மரியாதையா இருக்காது பாருங்க."

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன், தாயே, நான் விலகிக்கொள்கிறேன், இறக்குங்கள் என்று கெஞ்சினான். அவனுக்குப் பிறகு மூன்று பேர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் தூக்காமலே விலகிக்கொண்டார்கள்.

வரிசை தீர்ந்தது என்று தாண்டவர் பணப்பையை அவிழ்க்கும்போது ஒரு வளையல் வியாபாரி வந்தார். நீளத் தாடி. பாதி விலைக்குத் தரச் சொன்னார். யாரென்று தாண்டவருக்குத் தெரிந்துவிட்டது, பையை மறுபடி முடிந்துகொண்டார். சாத்தையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஏற்றினார்கள். உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"பதில் சொல்லும்மா," என்றார் வியாபாரி.

"இருங்கய்யா. உங்களை மாதிரிப் பெரிய மனுஷர்கிட்ட எடுத்ததும் இல்லைன்னு சொல்லலாமா?"

வியர்வையில் பசை இளகியது. தாடி ஒரு பக்கம் தொங்கியது.

"சாத்தையா, நான்தான்டா."

"நான்னா யாரு?"

"ராஜா."

"அப்ப உங்ககிட்ட முழு விலையும் இருக்குமே."

"அண்டாவே வேண்டாம். விலகிட்டேன். இறக்கித் தொலை."

இறக்கினார்கள். தாண்டவர் நாற்பது பொன்னையும் நாச்சாயி கையில் கொட்டினார். அவள் ஓட்டமாக ஓடினாள். தோட்டத்துச் சொந்தக்காரர் பணத்தை வாங்கி மடியில் முடிந்த பிறகுதான் மணி அடித்தது.

அன்றே ராஜா சட்டத்தைக் கிழித்தான். யாரும் எவ்வளவுக்கும் கேட்கட்டும், பதில் சொல்வது விற்பவர் இஷ்டம் என்று மாற்றி எழுதினான். சாத்தையனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். ஆனாலும் ஒன்று மட்டும் அவனுக்கு ஆறவில்லை.

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சே? தாடி அவ்வளவு மோசமா?"

"தாடி அருமை மகாராஜா. ஆனா நீங்க எப்ப வந்தாலும் சந்தைக்கே தெரியும்."

ராஜாவின் முகம் மாறியது. "அப்ப இத்தனை நாளா எல்லாரும் எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தது?"

"உங்க பின்னாடியே ஈட்டியோட நாலு காவலர் வர்றாங்களே. அவங்களுக்கும் ஆளுக்கொரு தாடி ஒட்டியிருக்கணும்."

ராஜா கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் மீதிப் பாதி விலை, அவனுக்கு விற்றவர்களைத் தேடி வீடு வீடாகப் போனது.