கேரம் மன்றத்தின் பின்சுவர்

"இந்தத் தடவையும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க. என்ன தப்புன்னாவது சொல்லுங்க, மேடம்," என்றார் குணசீலன்.

கிருபாவதி வரைபடத்தைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் பாலம் கட்டி ஓய்வுபெற்ற மனிதர், பழைய கட்டடத்தைச் சாகடிக்காமல் பிழைக்கவைக்கத் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, அதில் பேர்போன அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

வரைபடம் எங்கள் கேரம் மன்றத்துடையது. வடசென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வெள்ளைக்காரன் காலத்தில், வேலை முடிந்து வந்து தாங்களே செங்கல் சுமந்து கட்டியது. அதைப் பழுதுபார்த்தாகிவிட்டது. இனிப் பின்னால் ஒரு கூடம் சேர்க்க வேண்டும். மறுநாள் மன்றத்தார் முன்னால் திட்டத்தை வைத்தாக வேண்டும்.

"ஒரு செங்கல்லைக்கூட வீணாக்கல," என்றார் குணசீலன். "சிமென்டைச் சுரண்டிட்டுச் சுண்ணாம்பு பூசியாச்சு. தகரம் அடிச்சு மூடி வெச்சிருந்த மேல் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாச்சு. இப்ப உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு, ஏசியே வேண்டாம். புதுக் கூடத்துக்குக் கூரையில சோலார், மழைத்தண்ணிக்குத் தொட்டி. பழைய சுவர் ஒண்ணைக்கூடத் தொடல. இருக்கிறதை இடிக்காம கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். புதுக் கூடம் யாருக்கு?"

"பொம்பளைங்களுக்கு."

"எப்படி உள்ள போவாங்க?"

"பின்சந்து வழியா. தனி வாசல் வெச்சிருக்கேன்."

"முன்வாசலுக்கு என்ன?"

குணசீலன் நெளிந்தார். "உள்ள ஆம்பளைங்க சட்டையில்லாம உக்காந்து ஆடுவாங்க, மேடம். அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான். புழுக்கம்."

"இப்பவும் புழுக்கமா?"

அவர் வரைபடத்தை மறுபடி விரிக்கப் போனார்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

மன்றத்து வாசலுக்கு எதிரே, தெருவிளக்கின் கீழ், ஒரு பீப்பாய் மேல் போர்டைப் போட்டு டெல்பினா ஆடிக்கொண்டிருந்தாள். காலையில் மீன் விற்பாள். சாயங்காலமானால் இதுதான். மாவட்டப் போட்டியில் ஜெயித்தவள். அவள் தாத்தாவும் அந்த மன்றத்துக்குச் செங்கல் சுமந்தவர். ஒரு நாளாவது உள்ளே உட்கார்ந்து ஆட வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை.

"புதுக் கூடம் வரப்போகுதே. சந்தோஷமா?" என்று கேட்டாள் கிருபாவதி.

டெல்பினா காயினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சந்துப் பக்கம்தானே மேடம்? தெருவுலயாவது போறவன் வர்றவன் நின்னு பாக்குறான். அங்க நாய்கூட எட்டிப் பாக்காது."

குணசீலனுக்குச் சுருக்கென்றது.

கிருபாவதி மன்றத்து வாசலில் போய் நின்றாள். செயலாளர் சிங்காரம் உள்ளே வெற்றுடம்போடு ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க நல்லா ஆடுறது யாரு?"

"நான்தாம்மா. யாரை வேணா கேளு."

"டெல்பினாவை ஜெயிச்சிருக்கீங்களா?"

"அதோட ஆடினதில்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். சிங்காரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் சிங்காரம் விளையாட்டாகத்தான் ஆடினார். டெல்பினா ஒரே மூச்சில் நாலு காயினைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்னொருவர் தன் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போர்டைச் சுற்றி நிற்க இடமில்லை.

"மன்றம் எங்க இருக்கு, சார்?" என்று மெதுவாகக் கேட்டாள் கிருபாவதி.

குணசீலன் கட்டடத்தைக் காட்டக் கையைத் தூக்கினார். உள்ளே ஒருத்தரும் இல்லை. கையை இறக்கிக்கொண்டார்.

அப்போது தூறல் விழுந்தது. போர்டில் சில காயின்கள்தான் மிச்சம். டெல்பினாதான் முன்னால் இருந்தாள்.

"விட்ருண்ணே, போர்டு ஊறிடும். இன்னொரு நாள் ஆடிக்கலாம்," என்றான் ஒருவன்.

சிங்காரம் அவனை முறைத்தார். "தோக்குற நேரத்துல மழையைச் சாக்கு வெச்சு எழுந்துட்டான்னு என்னைப் பேசுறதுக்கா? தூக்குங்கடா உள்ள. ஒரு காயின் அசைஞ்சுது, தொலைச்சிடுவேன்."

நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். மூட்டை தூக்கின வம்சமாயிற்றே. தெருவைத் தாண்டி, படியேறி, நிலைவாசலில் குனிந்து உள்ளே போகும்வரை ஒரு காயின்கூட நகரவில்லை. குணசீலன் தன் வரைபடத்தை விரித்துப் போர்டுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

டெல்பினா மட்டும் வாசற்படியில் நின்றுவிட்டாள். தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

குணசீலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிருபாவதியின் கண்ணைப் பார்த்ததும் அடங்கினார்.

சிங்காரம் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்துவரை பொத்தான் மாட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆணியில் தொங்கிய சட்டைகளுக்கு ஓடினார்கள். அவசரத்தில் இவன் சட்டை அவனுக்குப் போய், ஒரே கூத்து.

"வாம்மா," என்றார் சிங்காரம். "ஆட்டம் பாதியில நிக்குது."

அவள் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். தலை நிமிர்ந்திருந்தது.

"யார் ஆட்டம்?"

"உன்னோடதுதான்."

ஊரே உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போர்டின் மேல் கவிழ்ந்தது.

"தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது," என்றாள் டெல்பினா.

தள்ளி நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல எங்க போறது, அக்கா? பின்னாடி சுவர் இருக்கு."

குணசீலன் நனைந்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டார்.

"அடுத்த மாசம் இருக்காது," என்றார். "நீ ஆடும்மா."