குறிஞ்சி72 எழுதிய பதில்

"இந்த மென்பொருளை எழுதுறவனுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே மாடியேறி வந்தார் சிவனாண்டி.

ஒரு கையில் மஞ்சள் பை. அதற்குள் சிபியு. இடுப்பில் குழந்தையைப்போல் பிரிண்டர்.

திண்டுக்கல்லில், டயர் கடைக்கு மேலே இருக்கிறது ஜன்னத்தின் கணினிப் பட்டறை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற சிவனாண்டிக்கு அறுபத்தொன்று. ஆனாலும் அவள்தான் குரு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு மென்பொருள் உலகம் இருப்பதையே அவருக்குக் காட்டியவள் அவள்.

"என்ன சார் ஆச்சு?"

"நேத்து அப்டேட் பண்ணச் சொல்லுச்சு. பண்ணுனேன். அதுல இருந்து வெள்ளைத்தாளாத் துப்புது. நாளைக்கு டியூஷன் சென்டர்ல நூத்தி இருபது பிள்ளைகளுக்குப் பரீட்சை. அஞ்சு மணிக்குள்ள கேள்வித்தாள் போகலைன்னா, இனிமே வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதாம்மா."

நியாயமான கோபம்தான். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைச் சீண்டிப் பார்ப்பதில் இந்த மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அப்படி என்ன சுகமோ!

"இணையத்துல தேடிப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான். சிவனாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தேடுனேன்! இதே பிரிண்டர், இதே வெள்ளைத்தாள். குறிஞ்சி72ன்னு ஒருத்தன், பயனர் மன்றத்துல பக்கம் பக்கமாப் புலம்பியிருக்கான். கடைசியில என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'சரியாகிவிட்டது. நன்றி.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்! எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வரி கிடையாது. கீழ ஆறு பேரு மூணு வருசமா கெஞ்சுறாங்க, எப்படி ஐயா, எப்படி ஐயான்னு. போன மாசம் ஒருத்தர், 'ஐயா, உயிரோடு இருக்கிறீர்களா?'ன்னு கேட்டிருக்காரு. அதுக்கும் பதில் இல்ல!"

ஜன்னத் சிபியுவை வெளியே எடுத்து, ஒயர்களை மாட்டி, கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

சிவனாண்டி ஜன்னலோரம் போய் நின்று, தெருவைப் பார்த்துத் திட்டினார்.

"தன் காரியம் முடிஞ்சா போதும். மத்தவன் எக்கேடு கெட்டா என்ன? நாலு வரி எழுதுனா கை தேஞ்சா போயிரும்? மனுசனா அவன்? அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

டயர் கடைக்காரர், தன்னைத்தான் திட்டுகிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

பின்னால் பிரிண்டர் உறுமியது. தாள் ஒன்று வெளியே வந்தது. கருகருவென்று எழுத்து. 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.'

சிவனாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருப்பம்மா நீ," என்று சொல்லியபடியே ஒயர்களைப் பிடுங்கி, சிபியுவைப் பைக்குள் திணித்தார்.

"எப்படிச் சரி பண்ணுனேன்னு சொல்றேன் சார். அந்த மன்றத்துல எழுதிட்டுப் போங்க. பத்து நிமிசம்தான்."

"எனக்கு எங்கம்மா நேரம்? அதான் சரியாயிருச்சே!"

ஜன்னத் எழுந்தாள். பையிலிருந்து சிபியுவை எடுத்தாள். ஒயர்களைத் திரும்ப மாட்டினாள். எதையோ தட்டினாள்.

பிரிண்டர் உறுமியது. வெள்ளைத்தாள் வந்தது. இன்னொரு வெள்ளைத்தாள்.

"ஐயையோ, என்னம்மா பண்ணுன? மணி மூணாச்சு! எப்படிச் சரி பண்ணுன, அதைச் சொல்லும்மா!"

ஜன்னத் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரியாகிவிட்டது. நன்றி," என்றாள்.