கயித்தானும் கொட்டலசும்

பொய் சொல்லுகிறவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும். எங்கள் மீன்பிடிப் போட்டு டிரைவர் கயித்தானுக்கு அந்த வியாதி கிடையாது. நான் அந்தப் போட்டில் இஞ்சின் பார்க்கிறவன். இஞ்சின் சத்தத்தையும் அவன் சத்தத்தையும் சேர்த்தே கேட்டு வருகிறேன். இஞ்சினையாவது அணைக்கலாம்.

போன சீசன் முழுக்கக் கரைக்குக் கடைசியாக வந்தது எங்கள் போட்டுதான். நாங்கள் வந்து சேரும்போது ஏலக்கூடத்துப் பூனைகள்கூடச் சாப்பிட்டு முடித்துப் படுத்திருக்கும். போட்டுக்காரி பிரகாசியக்கா பொறுத்துப் பார்த்தாள். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் போட்டைக் கரையில் ஏற்றச் சொல்லி, மறுநாள் காலையில் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். பலகையே தெரியவில்லை. அத்தனையும் கொட்டலசு. கடலுக்குள் கல், மரம், கயிறு என்று எது கிடந்தாலும் அதில் ஒட்டிக்கொண்டு, ஓடு மாதிரி கெட்டியாகக் கூடு கட்டிக்கொள்ளுமே, அந்தப் பிராணி. அது ஏறினால் போட்டு நகராது.

தடைக்காலத்தில் அதைச் சுரண்டி எடுத்துப் பெயின்ட் அடிப்பது எங்கள் போட்டில் டிரைவர் பொறுப்பு. போன வருஷம் நாங்கள் எல்லோரும் வெளியூர் வேலைக்குப் போயிருந்தோம். அக்கா தன் மகளின் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். கரையில் இருந்தது கயித்தான் மட்டும்தான்.

"ஏன் சுரண்டலன்னு சொல்லுல. சரியான பதில்னா வீல் உன் கையில. இல்லன்னா இந்த சீசன் எஸ்தாக்கி ஓட்டட்டும்" என்றாள் அக்கா.

எஸ்தாக்கி என்பவன் வலைக்காரன், கயித்தானின் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். டிரைவர் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கிறவன். அவன் மணலைப் பார்த்துச் சிரித்தான்.

"சுரண்டாம இருப்பனாக்கா?" என்று ஆரம்பித்தான் கயித்தான். "இந்தப் பக்கம் சுரண்டிட்டு அந்தப் பக்கம் போறேன், இந்தப் பக்கம் முளைச்சிருக்கு. இங்க வாரேன், அங்க முளைச்சிருக்கு. கடைசியில சுரண்டியிலயே முளைச்சிருச்சு."

"இன்னொரு சுரண்டி எடுத்து அதச் சுரண்ட வேண்டியதுதான மாப்ள" என்றான் எஸ்தாக்கி.

"எடுத்தேன் மச்சான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு. பிரிக்கதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போட்டக் கட்டி இழுத்தேன். கயிறுதான் அறுந்துச்சு."

யாரும் வாயைத் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "அத விடுங்க. கடலுக்குப் போனப்ப ஒரு திமிங்கலம் முதுகு அரிக்குன்னு நம்ம போட்டுக்கு அடியில வந்து உரசிச்சு. உரசினது அப்படியே ஒட்டிக்கிட்டு. நான் மேற்க இழுக்கேன், அது கிழக்க இழுக்கு."

"நான் பாக்கலியே" என்றேன்.

"நீ இஞ்சின் ரூமுல தூங்கிட்டு இருந்த."

இதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருந்தது.

"நம்ம மீன்ல பாதிய அதுக்குப் போட்டுத்தான் சமாதானம் பண்ணினேன். அதான் அன்னைக்கு மீன் கம்மி."

"அன்னைக்கு மட்டுமா கம்மி?" என்றாள் அக்கா.

"அதுக்குப் பெரிய குடும்பம்க்கா."

எஸ்தாக்கி தலையில் அடித்துக்கொண்டான். கயித்தானுக்கு அது போதும், இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதுக்கே இப்படியா? ஒரு நாள் திரும்பி வாரப்ப, போட்டுல இருக்க கொட்டலசு அடியில கெடந்த பாறைய எட்டிப் பிடிச்சிருச்சு. இஞ்சின முழு வேகத்துல விடுதேன், போட்டு அசையல. ஆனா கரை வருது. மாதா கோயில் கோபுரம் என்னையப் பாத்து வருது. என்னன்னு பாத்தா, கடலடியோட சேத்து ஊரையே இழுத்துட்டு இருக்கேன். சட்டுனு நிறுத்தினேன். கொஞ்சம் விட்டிருந்தா உங்க வீடு கொழும்புல நிக்கும்க்கா."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்புதான். சிரித்துவிட்டால் அவளுக்குக் கோபம் தங்காது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எஸ்தாக்கி முகம் தொங்கிவிட்டது. வீல் கயித்தான் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அங்கேயே அவன் வாயை மூடியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கெட்ட புத்தி வந்தது. உண்மையைச் சொன்னான்.

"எல்லாத்துக்கும் காரணம், இந்தக் கொட்டலசு தலையால ஒட்டுததுதான்க்கா. குஞ்சா நீந்தி வந்து, இடம் பாத்து, தலைய வச்சுப் பசைய விட்டு ஒட்டிக்கிடும். பெறவு சாகுற வரைக்கும் தலைகீழாத்தான். மேல வாசலத் தொறந்து, காலால இரைய வாரி வாரி உள்ள போட்டுத் திங்கும்."

எஸ்தாக்கி விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். அக்காவுக்கு மட்டும் வந்த சிரிப்பு போய்விட்டது.

"ஊர இழுத்தேன்னு சொன்ன, கேட்டுக்கிட்டேன். தலையால ஒட்டி, காலால திங்குதா? என்னையப் பாத்தா லூசு மாதிரி தெரியுதால?"

கயித்தான் முகம் சுண்டிப்போனது. அவன் புளுகை எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள், ஒரு நாளும் அவன் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்ச் சுக்கானில் தொங்கிய கயிற்றில் ஒரு துண்டை, ஒட்டியிருந்த கொட்டலசோடு அறுத்தான். டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் கடல் தண்ணீர் மொண்டு அதில் போட்டு, அக்கா முன்னால் வைத்தான்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூட்டின் உச்சியில் சின்னதாக ஒரு கதவு திறந்தது. நூல் நூலாகக் கால்கள் வெளியே வந்தன, தண்ணீரை ஒரு வாரு வாரின, உள்ளே போயின. மறுபடி வந்தன. எஸ்தாக்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"இப்ப நம்புதீகளா?" கயித்தான் கிளாஸை அக்கா பக்கம் இன்னும் நகர்த்தினான். "போன தடைக்காலம் பூரா இதத்தானக்கா பாத்தேன். வாளியில கடத்தண்ணி வச்சுக்கிட்டு, காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும். என்ன அழகா திங்கும் தெரியுமா? சுரண்டியத் தொட மனசே வராது."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவன் காதிலேயே விழுந்தது.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். கையை நீட்டினாள். கயித்தான் இடுப்பிலிருந்து இஞ்சின் சாவியை எடுத்துக் கொடுத்தான். அதை எஸ்தாக்கியிடம் கொடுத்துவிட்டு, மணலில் கிடந்த சுரண்டியை எடுத்துக் கயித்தான் கையில் வைத்தாள்.

"யக்கா, இம்புட்டையும் நான் ஒருத்தனாவா?"

"ஊரையே இழுத்தவன்தானல. சுரண்டு."