விசிலுக்கு ஓடாத பொற்கொடி

ஒரு ஊர்ல ஒரு ஓட்டக்காரி இருந்தாளாம். பேரு பொற்கொடி, பத்தாவது படிச்சா. எண்ணூறு மீட்டர்ல பசங்களையே தாண்டிடுவா. ம் கொட்டு கண்ணு, அதுக்குள்ள தூங்கிட்டியா?

அந்தப் பள்ளிக்கூடத்துல கோதண்டம்னு ஒரு பி.டி. சார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. முதல்ல தொப்பை வரும், அதுமேல விசில் படுத்திருக்கும், அப்புறமாத்தான் சார் வருவாரு.

அப்போ மழை வந்துச்சு, கொசு வந்துச்சு, ஙொய்ய்ய்னு. பொற்கொடிக்கு சிக்குன்குனியா! ஒரு வாரம் உடம்பு அனலாக் கொதிச்சுது. அப்புறம் காய்ச்சல் போச்சு. ஆனா முட்டி, கணுக்கால், விரல் எல்லாம் வீங்கி, பேனா மூடியைக்கூடத் திறக்க முடியலை.

"காய்ச்சல் இருக்கா?"ன்னாரு சார்.

"இல்லை சார், முட்டிதான்..."

"முட்டிக்கென்ன, தனியாக் காய்ச்சலா? மாவட்டப் போட்டி வருது, ஓடு!" பீப்ப்ப்!

ஓடினா. பாதி ரவுண்டுல பொத்துனு உட்கார்ந்துட்டா.

மறுநாள், "பச்சை முட்டை குடிச்சா சரியாயிடும்"னாரு. குடிச்சா, ஓடினா. உவ்வே! முட்டை வெளிய வந்துச்சு, முட்டி அப்படியே இருந்துச்சு.

மூணாம் நாள், "வலியெல்லாம் மனசுலதான்"னாரு. தனக்குக் கழுத்து சுளுக்கினப்போ பத்து நாள் லீவு போட்ட மனுஷன்! அன்னிக்கு பொற்கொடி மாடி ஏற முடியாம படியிலேயே உட்கார்ந்து அழுதா. இனிமே ஓடவே முடியாதோ?

அப்புறம் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்து, "காய்ச்சல் போச்சு, வலி போக மாசக்கணக்காகும். மெதுவா நட. வலிச்சா நிறுத்து"ன்னாங்க.

மறுநாள் பீப்ப்ப்! பொற்கொடி நடந்தா.

"ஓடு!"

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க சார்."

"டீம்லேர்ந்து பேரை எடுத்துடுவேன்!"

அவ நடந்துக்கிட்டே, "எடுத்துக்கோங்க சார்"னா. எடுத்துட்டாரு.

அந்த வருஷம் காய்ச்சல்லேர்ந்து எழுந்த வேற மூணு பிள்ளைங்களை சார் போட்டிக்கு இழுத்துட்டுப் போனாரு. மூணும் நொண்டிக்கிட்டே திரும்பி வந்துச்சு. பொற்கொடி தினமும் நடந்தா. ஒரு ரவுண்டு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மெல்ல ஓட்டம். ம்?

அடுத்த வருஷம் மாவட்டத்துல ரெண்டாவதா வந்தா. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினதும் தொப்பை முன்னாடி வந்து நின்னுச்சு. "எல்லாம் என் பயிற்சி!"

பத்திரிகைக்காரர் அவகிட்ட, "சார் என்னம்மா சொல்லிக் குடுத்தாரு?"

"ஓடச் சொன்னாரு. நான் நடந்தேன்."

அவ்ளோதான் கண்ணு கதை. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.